வறிய நீரின் செடிகள்: பாகூர், வில்லியனூர் ஏரிகளும் பூச்சியுண்ணித் தாவரங்களும்

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் விரிந்து கிடக்கும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளர்களையும் போர்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1749-இல் சந்தா சாகிப் இவ்விரு பகுதிகளையும் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழங்கியதும், 1752-இல் பாகூரில் நடந்த போரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றதும், 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி இந்தியாவுடன் இணைய வாக்களித்ததும் பள்ளிப் பாடநூல்கள் வரை சென்றுவிட்ட செய்திகள். ஆயினும் இந்நிலத்தை நிலமாக ஆக்கியவை ஏரிகளே என்பதால், ஏரிகளின் கதையே இவ்வூர்களின் முதற்கதை என்று கொள்வது பொருந்தும். அந்தக் கதையை விளைந்த நெல்லைக் கொண்டு சொல்வது வழக்கம். ஏரிக்கரையோரத்து ஆழமற்ற நீரில் நெல்லுக்கு எந்தப் பயனும் தராமல் மிதக்கும் பூச்சியுண்ணித் தாவரங்களைக் கொண்டும் அதைச் சொல்ல இயலும். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த நீரில்தான் இச்செடிகள் போட்டியின்றிச் செழிக்கின்றன என்பதால், ஓர் ஏரி எவ்வாறு பேணப்பட்டது, எப்போது பேணப்படாமல் போனது என்பதற்கு அவை சான்று கூறுகின்றன.

புதுச்சேரி வட்டாரத்தில் உள்ளனவாகக் கணக்கிடப்படும் 84 ஏரிகளுள் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள இதில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டு எல்லைக்குள் விழுகிறது. சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. அடுத்த பெரிய ஏரியான பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொண்டு வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றி, பல ஆண்டுகளில் அடிமண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்துவிடும் இத்தகைய ஏரிகளிலும், அவற்றின் பாசனத்துக்குட்பட்ட வயல்களின் ஈரமான ஓரங்களிலும் வாழ்வதற்கு ஏற்றவை யூட்ரிகுலேரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பூச்சியுண்ணிச் செடிகள். நீரில் மிதக்கும் எதையும் பாசி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் ஊர்வழக்கில் இவற்றுக்குத் தனிக் கவனம் கிடைப்பது அரிது.

மிதக்கும் வகைகளுள் யூட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிஸ் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். இதற்கு வேர் கிடையாது. நீருக்குள் நீண்டு செல்லும் மெல்லிய தண்டிலிருந்து மயிரிழை போன்று பிளவுபட்ட உறுப்புகள் கிளைக்கின்றன. அவற்றை இலை என்பதா, தண்டு என்பதா என்று தாவரவியலாளர் இன்றளவும் ஒருமனதாக முடிவு செய்யவில்லை. பூக்கும் காலத்தில் பூக்காம்பின் நடுப்பகுதியில் பஞ்சுபோல் உப்பிய சில மிதவைகள் வட்டமாகத் தோன்றி, காம்பைச் சாயாமல் நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்துகின்றன. அதன் உச்சியில் சிறிய மஞ்சள் பூக்கள் மலர்கின்றன. யூட்ரிகுலேரியா ஆரியா என்ற மற்றொரு வகைக்கு இந்த மிதவை வட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டிலுமே நீருக்கடியில் உள்ள இழைகளில் கடுகைவிடச் சிறியதும் சற்றுப் பெரியதுமான பைகள் நிறைந்திருக்கும். புதிய பைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய, இரை பிடித்துப் பழகிய பைகள் உள்ளிருக்கும் எச்சங்களால் கருத்துத் தோன்றும்.

அந்தப் பையே பொறி. பையின் சுவரில் உள்ள நுண்சுரப்பிகள் உள்ளிருக்கும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருப்பதால், பையின் உள் அழுத்தம் வெளி அழுத்தத்தைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு வளிமண்டல அளவுக்குக் குறைந்து, பக்கச் சுவர்கள் உள்நோக்கிக் குழிந்து விறைத்து நிற்கின்றன. வாயில் நெகிழ்வான ஒரு கதவு உண்டு. அதன் வெளிப்புறத்தில் சில நுண்மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியாவோ, கொசுவின் இளம்புழுவோ, வேறொரு நுண்ணுயிரோ அம்மயிரைத் தீண்டியதும் கதவு உள்நோக்கி மடங்குகிறது, குழிந்த சுவர்கள் பழைய வடிவுக்குத் துள்ளி மீள்கின்றன, வெளிநீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது, கதவு மூடிக்கொள்கிறது. பிரான்சின் கிரனோபிள் நகர இயற்பியலாளர்கள் ஜெர்மானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதிவேகப் படப்பிடிப்பால் இதனை அளந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறிஞ்சல் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்கிறது. உள்ளிழுக்கப்படும் நீர் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 600 மடங்கு வரை முடுக்கம் பெறுகிறது. தாவர உலகில் இதனினும் விரைவான பொறி அறியப்படவில்லை. அதன் பிறகு சுரப்பிகள் மீண்டும் நீரை இறைத்துக் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் பொறியை அடுத்த இரைக்கு ஆயத்தமாக்கிவிடுகின்றன. உள்ளே அகப்பட்ட உயிர் மூச்சு முட்டி இறக்கிறது. சுரப்பிகள் வெளிவிடும் நொதிகளும், பைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்க, அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் செடியால் உறிஞ்சப்படுகின்றன. மாவுச்சத்தை இச்செடி மற்றச் செடிகளைப்போல் சூரிய ஒளியில் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதால், இரையை அது உணவாகக் கொள்கிறது என்பதைவிட உரமாகக் கொள்கிறது என்பதே சரியாகும்.

இவ்வளவு நுட்பமான ஒரு கருவியைச் செய்து வைத்துக்கொள்வதற்கும், ஓயாமல் நீர் இறைப்பதற்கும் செடி கணிசமான ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. நீரில் சத்து ஏராளமாக இருந்தால் அந்தச் செலவில்லாத செடிகள் விரைந்து வளர்ந்து, வெயிலை மறைத்து, இதனை மூடிவிடும். ஆகவே யூட்ரிகுலேரியாவுக்கு வேண்டியவை மூன்று: தெளிந்த, ஆழமற்ற, வறிய நீர். பாகூரிலும் வில்லியனூரிலும் அத்தகைய நீர் தானாக அமைந்ததன்று என்பதுதான் இங்கே கருதத்தக்கது. மண்ணையும் சாணத்தையும் சருகையும் சுமந்து மழைநீர் ஆண்டுதோறும் ஏரிக்குள் இறங்கும்போது, எவரும் கை வைக்காவிட்டால் எந்த ஏரியும் சில தலைமுறைகளுக்குள் சத்து மிகுந்து, தூர்ந்து, சேற்று நிலமாகிவிடும்.

கை வைத்தவர்கள் இருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், இவ்வூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலையின் பராமரிப்புக்காக மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைக் குறிப்பிடுகின்றன. ஒரு கல்லூரியைத் தாங்கும் அளவுக்கு ஊர்களில் விளைச்சல் இருந்தது என்றால், அதற்குப் பின்னால் ஒழுங்கான பாசனமும் இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதில் தவறில்லை. சோழர் காலத்தில் மூலநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பாகூர், தொண்டை மண்டலத்து உத்தரமேரூர்போல் சபையால் ஆளப்பட்ட பிரமதேயங்களின் வரிசையைச் சேர்ந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவைக் குறிப்பிடுவது அறிஞர் அறிந்ததே. ஏரியை ஊரே பேணும் இந்த ஏற்பாடு பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் தொடர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியில் பாசனதாரர்களின் கூட்டமைப்புகள் சின்டிகா அக்ரிகோல், அதாவது வேளாண் சங்கம் என்ற பெயரில் சட்ட வடிவமும் பெற்றன.

குடிமராமத்தில் மதகைச் செப்பனிடுதல், கரையை உயர்த்துதல், வரத்துக் கால்வாயைச் செதுக்குதல் ஆகியவற்றோடு தூர் வாருதலும் அடங்கும். கோடையில் ஏரி காய்ந்ததும், உழவர் அதன் அடியில் படிந்த வண்டலை வெட்டி, மாட்டுவண்டிகளில் ஏற்றித் தம் வயல்களில் கொட்டினர். வண்டலை அவர்கள் விரும்பியது அதிலிருந்த சத்துக்காகவே. இதன் மறுபக்கத்தை எவரும் எண்ணிச் செய்யவில்லை என்றாலும் விளைவு உறுதியானது: மழை ஏரிக்குள் கொண்டு சேர்த்த தழைச்சத்தும் மணிச்சத்தும் வண்டி வண்டியாக வெளியேறி வயலுக்குத் திரும்பின, ஏரி வறியதாகவே நீடித்தது. மேலும் அந்த வேலை மண்வெட்டியாலும் கூடையாலும் நடந்ததால், ஓராண்டில் ஏரியின் ஒரு பகுதியே வெட்டப்பட்டது. மற்றப் பகுதியில் விதைகள் உலர்ந்த மண்ணில் தங்கி அடுத்த மழைக்கு முளைத்தன. உழவரின் எரு வேட்கையும் பூச்சியுண்ணியின் வறுமைத் தேவையும் ஒரே வழக்கத்தால் நிறைவேறின என்பது இப்பகுதியின் சூழல் வரலாற்றில் மிக அரிய ஒற்றுமை.

இச்செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்ட வரலாறும் இதே கடற்கரையோடு தொடர்புடையது. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடியின் டேனியக் குடியிருப்புக்கு வந்து, சோழமண்டலக் கரையின் செடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் இந்தியாவில் திரட்டியதைக் கொண்டே லின்னேயஸின் மகன் 1781-இல் யூட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிஸை விவரித்தார். புதுச்சேரியில் 1816 முதல் பணியாற்றிய லெஷனோ தெ லா தூர் இங்கே தாவரவியல் பூங்காவுக்கு அடியிட்டார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் பெரொத்தே நீலகிரி வரை சென்று செடி திரட்டி, 1870-இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். உலர்த்திய செடிகளை வகைப்படுத்தி, பெயரிட்டு, பயிர்களைப் பழக்கப்படுத்திய அந்தத் தலைமுறைக்கு, அந்தப் பைகள் உயிர் பிடிக்கும் பொறிகள் என்று தெரியாது. மிதப்பதற்கான காற்றுப்பைகள் என்பதே அக்காலத்துப் பொதுக்கருத்து.

அக்கருத்து உடைந்தது 1870-களில். ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கும் டிரோசீரா என்ற செடியை 1860 முதல் ஆராய்ந்துவந்த சார்லஸ் டார்வின் 1875-இல் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலில் யூட்ரிகுலேரியாவுக்கென அத்தியாயங்களை ஒதுக்கினார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மேரி டிரீட் என்ற பெண்மணி கொசுப்புழுக்கள் பைக்குள் அகப்படுவதை உருப்பெருக்கியின் கீழ்ப் பொறுமையாகக் கண்டு எழுதியவற்றை டார்வின் மதித்து எடுத்தாண்டார். ஜெர்மனியில் பெர்டினாண்ட் கோன் தனியே இதே முடிவுக்கு வந்தார். ஆயினும் இரை தானே முட்டிக் கதவைத் திறந்துகொண்டு நுழைகிறது என்று டார்வின் கருதியதும், பைக்குச் செரிக்கும் திறன் இல்லை, அழுகிய எச்சத்தையே அது உறிஞ்சுகிறது என்று கூறியதும் பின்னர் திருத்தப்பட்டன. பை உறிஞ்சி இழுக்கிறது என்பதை 1911-ஐ ஒட்டி ஜெனிவாவைச் சேர்ந்த பிராங்க் பிராஷே காட்டினார். 1942-இல் பிரான்சிஸ் எர்னஸ்ட் லாயிட் எழுதிய நூல் அதன் கதவமைப்பை விரிவாக விளக்கியது. இந்திய வகைகளை முழுமையாகத் தொகுத்த பணி, எம். கே. ஜனார்த்தனமும் ஏ. என். ஹென்றியும் எழுதி 1992-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் வெளியிட்ட நூல். 2013-இல் இந்தியாவிலும் வளரும் யூட்ரிகுலேரியா கிப்பா என்ற வகையின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, அது 8.2 கோடி எழுத்திணைகளே கொண்டது என்று தெரியவந்தது. நெல்லின் மரபணுத்தொகுதி இதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஏரியை விட்டுச் செம்மண் மேட்டுக்கு வந்தால் வேறொரு முறையில் இரை பிடிக்கும் டிரோசீராவைப் பேச வேண்டும். புதுச்சேரிக்கு வடமேற்கே கடலூர் மணற்கற் படிவத்தின் மேல் கிடக்கும் செம்மண் போன்று, மழைக்காலத்தில் நீர் கசிந்து வெயிலில் உடனே காயும் சத்தற்ற மண் இப்பேரினத்துக்கு ஏற்றது. சோழமண்டலக் கரையில் டிரோசீரா இண்டிகா, டிரோசீரா பர்மன்னை ஆகிய இரண்டு வகைகள் வளர்கின்றன. இலையின் மேல் நிற்கும் சிவந்த நுண்காம்புகளின் நுனியில் ஒட்டும் துளி ஒன்று மின்னும். அதில் ஒட்டிக்கொண்ட எறும்போ ஈயோ திமிறத் திமிற, சுற்றியுள்ள காம்புகள் வளைந்து அதை அழுத்துகின்றன. பர்மன்னை வகையின் வெளிக்காம்புகள் சில வினாடிகளிலேயே வளைந்துவிடும். வெயிலிலும் உலராத இந்தத் துளிகளால்தான் போலும், சித்த மருத்துவம் கற்ப மூலிகையாகப் பேசும் அழுகண்ணி இதுவே என்று கொள்வோர் உண்டு. இத்தாவரங்களைத் தமிழர் அறவே அறியாதிருந்தனர் என்ற எண்ணத்தை இந்த மருத்துவ மரபு மறுக்கிறது. மலபார்க் கரையிலும் அவ்வாறே, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டான மாஹேயைச் சூழ்ந்த கண்ணூர் மாவட்டத்தில், நீலநிறப் பூவுடைய யூட்ரிகுலேரியா ரெட்டிகுலேட்டா காக்கப்பூ என்ற பெயரில் ஓணப் பூக்களத்தில் இடம்பெறுகிறது. அதைப் பறித்த சிறுவர்களுக்கு அச்செடி மண்ணுக்கடியில் உயிர் பிடிப்பது தெரியாவிட்டாலும், பூ தெரிந்திருந்தது.

டிரோசீராவின் மீது டார்வின் செய்த சோதனைகளுள் ஒன்று பாகூர் உழவருக்கு நேரடியாகப் பொருந்துவது. அம்மோனியம் பாஸ்பேட் உப்பை மிகமிக நீர்த்த கரைசலாக இலைக்குக் கொடுத்தபோது, ஒரு கிரெய்ன் எடையில், அதாவது சுமார் 65 மில்லிகிராமில், ஏறத்தாழ இரண்டு கோடியில் ஒரு பங்கைப் பெற்ற காம்புகூட வளைந்தது என்று அவர் பதிவு செய்தார்; அந்த நுண்மையைத் தாமே நம்ப முடியாமல் பலமுறை சோதித்தும் பார்த்தார். அந்த உப்பின் இனத்தைச் சேர்ந்ததே இன்று மூட்டை மூட்டையாக வயலில் இறைக்கப்படும் டி.ஏ.பி. கோடியில் ஒரு பங்கைத் தேடிப் பொறி அமைத்துக்கொண்ட செடியின் வாழிடத்தில் அச்சத்து வாரிக் கொட்டப்படும்போது, பொறிக்கு வேலையும் இல்லை, செடிக்கு இடமும் இல்லை.

மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. மின்சார மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் பரவியபின், ஏரி நீரை நம்பாத உழவர் ஏரியை நாடாதவராகவும் ஆயினர், யூரியாவும் டி.ஏ.பி.யும் மூட்டையில் கிடைத்தபோது வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றும் உழைப்புக்குத் தேவை குறைந்தது. வயலில் மிஞ்சிய உரம் வடிகாலில் இறங்கித் தாழ்வான நீர்நிலைகளைச் சேர, பெருகிய குடியிருப்புகளின் கழிவுநீரும் அதனோடு கலந்தது. சத்து மிகுந்த நீரை வெங்காயத்தாமரை ஆக்கிரமித்தது. கரையோரத்தை நெய்வேலிக் காட்டாமணக்கு என்று மக்கள் அழைக்கும் தென்னமெரிக்கச் செடி வளைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999-இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம், பாசனச் சங்கங்களை மீண்டும் உயிர்ப்பித்து ஏரிகளைச் சீர்செய்ய முயன்றது போற்றத்தக்கது. 2008-இல் ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் இத்தகைய முயற்சிகளில் நீர்க்கொள்ளளவும் பறவையுமே முதன்மை பெறுகின்றன. நீருக்கடியில் கிடக்கும் ஒரு மெல்லிய செடிக்காக எவரும் வாதாடுவதில்லை.

கொசுவை ஒழிக்க இச்செடியை வளர்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. யானைக்கால் நோய் நெடுங்காலம் வாட்டிய ஊராதலால் புதுச்சேரியில் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மத்திய நிறுவனம் 1975-இல் இங்கே அமைந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. ஆனால் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகுவது. யூட்ரிகுலேரியா அங்கே பிழைக்காது. கழிவுநீரைத் தடுத்தாலன்றிக் கொசு ஒழியவும் இச்செடி பிழைக்கவும் வழி பிறக்காது.

இன்று தூர் வாருதல் மீண்டும் நடக்கிறது, ஆனால் அது பொக்லைன் இயந்திரத்தின் வேலையாக ஆகியுள்ளது. சில நாள்களில் ஏரியின் அடி முழுவதும் ஒரே ஆழத்துக்கு வெட்டப்பட்டு, சரிந்து இறங்கும் ஆழமற்ற விளிம்பு மறைந்து, விதை தங்கிய மேல்மண்ணும் லாரியில் போய்விடுகிறது. பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகளும் பாசனச் சங்கங்களும் அடுத்த முறை ஏரியை வெட்டும்போது, கரையோரத்தில் ஒரு பகுதியையாவது வெட்டாமல் விட்டு, மற்றதைப் பகுதி பகுதியாக ஆண்டு வாரியாக வெட்டி, எடுத்த வண்டலை வயலுக்கே அனுப்ப வேண்டும். வெட்டுவதற்கு முன் மார்கழி, தை மாதங்களில் மஞ்சள் பூக்கள் எங்கெங்கே நீருக்கு மேல் தெரிகின்றன என்று அருகிலுள்ள கல்லூரிகளின் தாவரவியல் துறையினரை அழைத்துக் குறித்து வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. இரண்டு கொம்யூன்களிலும் அந்தக் குறிப்பேட்டை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.